காத்துக்குத் திரும்புற குசினி

— அந்தோனியார் மேல சத்தியமாச் சொல்றேன் தாயி, இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் கையில வச்சிருக்கிற இந்தக் கொட என் தலையிலயே விழட்டும். உடப்புசல்லாவையில துரை பங்களாத் தோட்டத்துல நான் கட்டின குசினி, காத்தடிக்கிற பக்கமெல்லாம் திரும்பும்.

— ஏசுவே! குசினி திரும்புமா? எனக்கு அதெல்லாம் வேணாங்க மேசன் அய்யா. ஞாயித்துக்கெழம என் தங்கச்சி றோசலினப் பொண்ணு பாக்க றொசல்லயில இருந்து வாறாங்க. அதுக்குள்ள நம்ம தோட்டத்துல, நம்ம ரோசாப் பாத்திக்குப் பக்கத்துல, ஒரு அடுப்பு, மேல நாலு தகரம். பொக நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது. அம்புட்டுத்தான்.

— பெற்றீசியா அக்கா சொன்னது கேட்டிச்சா மேசன் அய்யா? அம்புட்டுத்தான். அது கெடக்கட்டும், செல்லசாமி மேசன்தானே உங்கள அனுப்பினாரு?

— அனுப்பினாங்க பாப்பா. போயி நல்லாப் பாத்துட்டு வாங்கன்னாங்க. வந்துட்டேன்.

— கரண்டி, தூக்குக்குண்டு ஒண்ணையும் காணோமே?

— பழகினவனுக்குக் கண்ணே தூக்குக்குண்டு.

— மேசன் வேலைக்குக் கோட்டுப் போட்டுட்டு வந்திருக்கீங்க.

— சீமெந்துக்கு மரியாத குடுத்தாத்தான் அது புடிச்சு நிக்கும் பாப்பா.

— றோசு, பெரியவங்கள இப்படிக் குறுக்குக் கேள்வி கேக்காதடி. அய்யா, நீங்க அளந்து பாருங்க.

— இந்தக் கொடையாலயே அளந்தாச்சு தாயி. நீளம் மூணு கொட, அகலம் ரெண்டு கொட. இனி அடுப்போட உசரம். அதுக்குச் சமைக்கிற ஆளு உசரம் தெரியணும். யாரு சமைக்கிறது?

— றோசலின்தாங்க! எல்லாம் அவ கைதான்!

— அப்ப பாப்பா இப்படி வந்து நில்லுங்க. ம். ஒண்ணே முக்கா கொட. நல்ல உசரம். கொஞ்சம் நடங்க பாப்போம்.

— அடுப்பு வைக்க நான் எதுக்கு நடக்கணும்?

— தண்ணி எடுக்கப் போகணுமே. நடையப் பாத்தாத்தானே பைப்ப எங்க வைக்கலாம்னு சொல்ல முடியும். எந்தக் கையில அகப்ப புடிப்பீங்க?

— சோத்துக்கையில.

— கோவம் வருமா?

— அடுப்புக்கா?

— உங்களுக்கு. கோவக்காரங்கன்னா சட்டி அடுக்குற பலகைய எட்டாத தூரத்துல வைக்கணும்.

— வரும். யாராச்சும் பொய் சொன்னா வரும்.

— அப்ப பலகைய ரொம்பத் தூரத்துலதான் வைக்கணும் போலிருக்கு.

— அவளுக்குக் கோவமே வராதுங்க! பூ மாதிரிங்க! இந்த ரோசாவும் அவளும் ஒண்ணு.

— ரோசாவுல முள்ளும் இருக்கு தாயி, பாத்துட்டேன். சரி, வீட்டுக்குள்ள இருக்கிற பழைய அடுப்பையும் ஒருக்கா எட்டிப் பாத்துட்டா...

— உள்ள வேணாங்க! தரைய மெழுகியிருக்கு. இன்னும் காயல.

— ஜன்னலாலப் பாத்தா சீமெந்துத் தர மாதிரித் தெரியுதே?

— சீமெந்தத்தாங்க மெழுகினோம்.

— அப்படியா. நல்ல சுத்தமான குடும்பம். உள்ள அவ்வளவு பொகையா?

— அதச் சொல்றேன் மேசன் அய்யா. போன வருசம் ஹட்டன்ல இருந்து என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க...

— றோசு! அத ஏன்டி இப்ப எடுக்குற?

— மேசனுக்குப் பொகையோட கத தெரிய வேணாமா அக்கா? வந்தவங்க உக்காந்தாங்க. அக்கா பலகாரம் சுட்டா. ஈர வெறகு. பொக கட்டிருச்சு. அக்கா கண்ணுல தண்ணி. என் கண்ணுல தண்ணி. மாப்ளையோட அம்மா மூக்கச் சிந்துறாங்க. மாப்ள லேஞ்சிய எடுத்து மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு.

— பக்கத்துக் காம்பராவுல இருந்து ஓடியாந்து... பக்கத்து வீட்டுல இருந்து ஓடியாந்து, யாரு செத்தான்னு கேட்டாங்கங்க.

— கேட்டதோட நிக்கல. அக்காவக் கட்டிப்புடிச்சு ஒப்பாரி வச்சாங்க. யாருக்குன்னு தெரியாமலே வச்சாங்க. ஹட்டன்காரங்க அடுத்த பஸ்ஸப் புடிச்சாங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லாமத்தான் வீடே அழுவுதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

— இப்ப வாற மாப்ளைய உங்களுக்கு இஷ்டமா பாப்பா?

— மேசனுக்கு அது எதுக்கு?

— பொகைக்கூண்டு எவ்வளவு உசரம் வைக்கணும்னு தெரிய வேணாமா?

— அந்தோனியார் திருநாள்ல அவர ஒருக்காப் பாத்தேன். ஒரு அம்மா கூட்டத்துல செருப்பத் தொலச்சிட்டு நின்னாங்க. அத்தன காலுக்கு நடுவுல குனிஞ்சு தேடி எடுத்துக் குடுத்துட்டு, ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு. எனக்கு அவருதான் வேணும். இதுவும் பொகையில போச்சுன்னா, அப்புறம் நான் அழுறது பொகையால இருக்காது.

— அப்ப பொகைக்கூண்ட நல்ல உசரமாவே வச்சிருவோம்.

— ஒரே ஒரு பயந்தான். அவருக்கு ஒரு மாமா இருக்காராம். வாயத் தொறந்தா...

— றோசு! ரோசாவுக்குத் தண்ணி ஊத்துடி!

— வாயத் தொறந்தா பொய்யாம்.

— அப்படியா! யாரு சொன்னா?

— திருநாளுக்கு வந்த எல்லாரும்.

— எல்லாருமா? மனுசன் பேரெடுத்துத்தான் இருக்காரு. ஒருவேள அவரு உண்மையத்தான் சொல்லி, கேக்குறவங்களுக்கு நம்பக் குடுத்து வைக்கலயோ என்னமோ.

— அய்யய்யோ, அவ வெளையாட்டுக்குச் சொல்றாங்க! அந்த மாமா தங்கமான மனுசன்னு நான் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க அந்தத் திரும்புற குசினிக் கதையச் சொல்லுங்க!

— கத இல்ல தாயி, நடந்தது. சுதந்திரம் கெடச்ச மறு வருசம். துரைசாணிக்குத் தோட்டத்துல நின்னு சமைக்க ஆச. அங்க காத்து காலம்பற மேக்க இருந்து வரும், மத்தியானம் கெழக்க இருந்து வரும். எங்க அடுப்பு வச்சாலும் பொக துரை மூஞ்சிக்குத்தான் போச்சு. பெக்டரியில கொழுந்து உருட்டுற ரோலர் ஒண்ணு பழசாக் கெடந்துச்சு. அதோட சுத்துற மேசையத் தூக்கியாந்து, அது மேல குசினியக் கட்டினேன். செவுரு, கூர, அடுப்பு, துரைசாணிக்கு ஒரு நாக்காலி. காத்து தள்ளினா குசினி திரும்பும்.

— திரும்பினா சரி. நிக்குமா?

— அதத்தான் பாப்பா நான் யோசிக்கல. ஆனி மாசக் காத்து புடிச்சுது. சுத்த ஆரம்பிச்ச குசினி நிக்கவே இல்ல. மலையில வேல பாக்க வைக்கிற கண்டாக்கு அய்யா துரைசாணிக்குச் சலாம் போட வந்தாரு. கைய எடுக்கிறதுக்குள்ள துரைசாணி அந்தப் பக்கம். இவரு அந்தப் பக்கம் ஓடுறாரு, அவங்க இந்தப் பக்கம். அன்னைக்குப் பூரா மனுசன் சலாமோடயே சுத்தி ஓடினாரு.

— அடுப்புல இருந்தது என்னாச்சு?

— சோறு. ரோலர் மேசையில ஏறினது சும்மா இருக்குமா? உருட்டிருச்சு. வெளிய வாறப்ப தேயிலையத் தரம் பிரிச்ச மாதிரி பீ.ஓ.பீ. தனி, டஸ்ட்டு தனி. டீமேக்கர் அய்யாவக் கூட்டியாந்தோம். தேயில ருசி பாக்கிற மாதிரியே வாயில போட்டுக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, டஸ்ட்டு நல்லாருக்கு, கொழும்புக்கு அனுப்பலாம்னாரு.

— துரைசாணி எப்படி எறங்கினாங்க?

— காத்து நின்னப்ப அவங்க மூஞ்சி சரியா சீமையப் பாத்துட்டு இருந்துச்சு. எறங்கினாங்க, அப்படியே நேர போயிட்டாங்க. துரையும் பெட்டியத் தூக்கிட்டுப் பின்னாலயே போனாரு. சுதந்திரத்தால வெள்ளக்காரன் போனான்னு ஊரெல்லாம் பேசுது. எங்க தோட்டத்துல குசினியாலதான் போனான்.

— ஏசுவே!

— நல்லாருக்கு மேசன் அய்யா. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?

— உள்ள தர காயலையே பாப்பா.

— வெளியவே வைக்கிறேன். கேத்தல் கீழ லயத்துல இருக்கு, எடுத்தாறேன்.

— உங்க வீட்டுக் கேத்தல் தோட்டத்துத் தொழிலாளிங்க இருக்கிற லயத்துலயா?

— எரவல் குடுத்திருக்கோம்ங்க! கேட்டா எதையும் தூக்கிக் குடுத்துருவா இவ. அவ்வளவு எரக்கம்!

— அதுக்குள்ள வந்துட்டீங்களா பாப்பா? ஓடியே போனீங்களா?

— குறுக்கு வழி இருக்கு. இந்தா மூணு கல்லு. இந்தா வெறகுக்குக் கவ்வாத்துல வெட்டின தேயில மிலாறு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

— தூறுதே! நான் கொடைய விரிக்கிறேன். மிலாறு ஈரமா இருக்கும். காத்து வேற இந்தப் பக்கம்.

— மிலாற இடுப்புல சொருகித்தான் கொண்டாந்தேன், நனையல. காத்துக்கு நான் முதுகக் குடுத்து உக்காந்தாப் போச்சு.

— இப்ப காத்து திரும்புதே!

— நானும் திரும்பிட்டேன்.

— மறுபடியும் திரும்புது பாப்பா!

— நானுந்தான். காத்துக்கு ஆளு திரும்பி உக்காந்தாப் போதும் அய்யா, குசினி எதுக்குத் திரும்பணும்? இந்தாங்க, சுடச்சுடத் தேத்தண்ணி. கருப்பட்டியக் கடிச்சுக்குங்க.

— ம்.

— என்னங்க அய்யா, கண்ணு கலங்குது?

— பொக தாயி.

— பொகையே இல்லையேங்க.

— அதான் தாயி. பொகையே இல்ல. ரெண்டு பேரும் இங்க வாங்க, நான் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. நான் மேசன் இல்ல. ஒரு கல்லு மேல இன்னொரு கல்ல வச்சதில்ல. என் பேரு கஸ்பர். மாப்ளைக்குத் தாய்மாமன். ஞாயித்துக்கெழமைக்கு முன்னால, பொண்ணுக்குத் தெரியாமப் பொண்ணப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. வாசக்கிட்ட வந்தேன். வாங்க மேசன் அய்யான்னீங்க. கூப்பிட்ட வாய்க்கு இல்லேன்னு சொல்ல மனசு வரல.

— மேசன்னு கூப்பிட்டது நான்தானே மாமா.

— மாமாவா?

— நீங்க ரோட்டுல ஏறி வாறப்பவே அக்காவுக்கும் எனக்கும் தெரியும். திருநாள்ல கொடிமரத்துக்கிட்ட நின்னு இதே கதையத்தான் சொன்னீங்க. அப்ப அது குசினி இல்ல, கோழிக்கூடு. டீமேக்கர் துப்பினது முட்டைய.

— அய்யோ, காத்துல கொட மடங்கி அய்யா தலையிலயே விழுந்திருச்சே!

— விழட்டும் தாயி, நான் கேட்டு வாங்கினதுதான். பாப்பா, அப்ப அந்த மாமா பொய்யருன்னு சொன்னதும் தெரிஞ்சுதானா?

— முதுகுக்குப் பின்னால சொல்றது எனக்குப் புடிக்காது மாமா.

— போதும்! இந்தப் பொண்ணுதான். என் மருமவனுக்கு வாயில்ல, அந்த வீட்டுக்கு இப்படி ஒண்ணு வேணும். இனி யாரு என்னா சொன்னாலும் என் பேச்சு மாறாது. றொசல்லயில எறங்கினதும் சொல்லிருவேன். இந்தச் சீமெந்து வீடு, இந்தக் கண்ணாடி ஜன்னலு, இந்த ரோசாத் தோட்டம், ஒண்ணு விடாமச் சொல்வேன். வாழ்க்கையில மொத தடவையா நான் கண்ணால கண்டத அப்படியே சொல்லப் போறேன்!

— ஏசுவே! றோசு, சொல்லிருடி!

— மாமா, நீங்க ஒரு உண்ம சொன்னீங்க, நானும் ஒண்ணு சொல்லிர்றேன். இது ஆபீஸு கிளாக்கரய்யா வீடு. அவங்க மடு மாதா கோயிலுக்குப் போயிருக்காங்க, நாங்க ரோசாவுக்குத் தண்ணி ஊத்த வந்தவங்க. கேத்தல் இருந்த எடந்தான் எங்க வீடு.