நிலவறையிலிருந்து தட்டும் சத்தம்

ஹாலோவீன் பூசணிக்காயில் சிரிக்கிற முகத்தை முதன்முதலாகச் செதுக்கிய ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் சின்ன வயதில் வெர்மான்ட் மாநிலம் முழுக்கப் பூசணிக்காய்கள் முறைத்தன. இப்போது எல்லாம் பல் வைத்தியர் விளம்பரம் மாதிரி இளிக்கின்றன. ஊர் கெட்டது அங்கேதான் தொடங்கியது. என் பெயர் ஓரின் பெக், வயது எழுபத்தொன்பது என்பதற்குக் கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாததா, துணை ஷெரீஃப்? கேலப் ரூட்டின் ஆப்பிள் சாறு ஆலையில், பிள்ளைகள் பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் அன்று மாலை நாலு மணிக்கு, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து சின்ன வயதில் நீங்களும் என் கதை கேட்டவர்தான். அன்று உங்கள் காற்சட்டை நனைந்தது. அதை எழுத வேண்டாம். நான் சொல்ல வருவது, நனைந்ததால் நீங்கள் கெட்டுப்போகவில்லை என்பதுதான். துப்பாக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறீர்கள். எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு பையன் என் கதைக்குப் பயந்து எழுந்து ஓடினான். அடுத்த மாநிலத்தில் போய்த்தான் நின்றான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறான்.

நாற்பது வருஷமாக அந்த ஆலையில் கதை சொல்கிறவர் உட்காரும் நாற்காலி என்னுடையது. கதை முற்றுகிற இடத்தில் நான் நிறுத்துவேன். தரைக்கு அடியில், நிலவறையில், கேலப் விளக்குமாற்றுக் கட்டையால் பலகையைத் தட்டுவான். மூன்று தட்டு. குழந்தைகள் எல்லாரும் ஒரே குரலில், "கீழேயே கெட!" என்று கத்த வேண்டும். மறுபடி தட்டுவான், மறுபடி கத்துவார்கள். நிலவறைக்கு இறங்கத் தரையில் இருக்கும் பலகைக் கதவை யாரும் திறக்கக் கூடாது. அதுதான் விதி. இந்த ஊரில் ஜெபத்தை மறந்தவர்கள் உண்டு. அந்த விதியை மறந்தவர்கள் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு டெல்ஃபீன் ஆஷ்வொர்த் ஊர் நூலகத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள். நல்ல பெண். அவளைப் பற்றி இதைவிடக் கடுமையாக நான் எதுவும் சொல்லப் போவதில்லை. போன வருஷம் என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். கையுறையைத் தொலைத்த பேய் ஒன்றின் கதை படித்தாள். ஊரே சேர்ந்து தேடிக் கொடுத்தது. பேய் நன்றி சொன்னது. அடுத்தது, கேரட் சூப் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கும் சூனியக்காரி. முன் வரிசையில் ஒரு பையன் தூங்கிவிட்டான். எலும்புக்கூடு வேஷத்தில் வாயில் விரலை வைத்துக்கொண்டு தூங்கினான். அதைப் பார்த்த கண் இது.

இந்த வருஷம் குழந்தைகள் பழைய கதைதான் வேண்டுமென்று அடம்பிடித்தார்கள். கேலப் இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் கிடந்தான். டெல்ஃபீன் என் வீட்டுக்கே வந்தாள்.

"பெரியவரே, கடைசியா ஒரே ஒரு தடவை நீங்களே சொல்லிடுங்க. அடுத்த வருஷத்துலேருந்து பயமில்லா ஹாலோவீன்தான், கமிட்டில முடிவாயிடுச்சு. கீழ தட்டுறதுக்கு நான் போறேன்."

"உனக்கெதுக்கும்மா அந்த வேலை?"

"உங்களுக்கு ஒரு நல்ல வழியனுப்பு வேணாமா?"

வழியனுப்பு. முகத்தில் அந்தக் கேரட் சூப் புன்னகை.

நிலவறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்டோபரில் அங்கே பீப்பாய் பீப்பாயாக ஆப்பிள் சாறு புளித்துக் கள்ளாகிக்கொண்டிருக்கும். நுரைக்கும்போது ஒரு காற்று கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது. பாரமான காற்று, தரையோடு படுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். அதில் மூச்சு விட முடியாது. ஆகவே ஓடைப் பக்கத்துச் சன்னலைக் காலையிலேயே திறந்து வைப்பார்கள். இறங்குவதற்கு முன்பு எரிகிற மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கக் கூடாது. கேலப் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. கோழை.

அவளிடம் நான் மறைத்தேன் என்று சொல்வீர்கள். இல்லை. மிட்டாய் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு தாய்மார்கள் சாட்சி. அவள் பலகைக் கதவைத் தூக்கியபோது நான் பக்கத்தில் போய், என் கதைக் குரலில், மெதுவாகச் சொன்னேன்.

"மெழுகுவர்த்திய எறக்கிப் பாரும்மா. அணைஞ்சுதுன்னா, கீழ இருக்கிறவன் ஊதிட்டான்னு அர்த்தம். எறங்காத."

"ஐயோ பெரியவரே, எங்கிட்டயேவா உங்க கதை?" என்று சிரித்தாள். தாய்மார்களும் சிரித்தார்கள். ஒருத்தி, "இவருக்கு வாயத் தொறந்தா பேய்தான்" என்றாள்.

அவள் டார்ச் விளக்கோடு இறங்கினாள். கேலப்பின் மகன் காலையில் திறந்து வைத்த சன்னலை நான் பத்து மணிக்கே மூடியிருந்தேன். காற்று குளிராக இருந்தது. கள் கெட்டுவிடக் கூடாதே என்று மூடினேன். நாற்காலி எப்போதும் அடுப்போரம்தான் இருக்கும். அன்று அதை இழுத்துப் பலகைக் கதவின் மேல் போட்டுக்கொண்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது.

கதையை நிதானமாகச் சொன்னேன். வழக்கத்தைவிட நிதானமாக. நிறுத்த வேண்டிய இடத்துக்கு இன்னும் வரவில்லை, அதற்குள் தட்டல் கேட்டது. அவளுக்குக் கதையின் நேரம் தெரியவில்லை, வேறென்ன. மூன்று தட்டு இல்லை, ஏழெட்டு. குழந்தைகள், "கீழேயே கெட!" என்று கத்தினார்கள். மறுபடி தட்டல், ஏணியின் உச்சியிலிருந்து, கையால். என் நாற்காலி இரண்டு முறை லேசாக அசைந்தது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஒரு கடற்கொள்ளைக்காரனும் இரண்டு வௌவால்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அலறினார்கள். தாய்மார்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீழே ஏதோ விழுந்தது. அப்புறம் விட்டுவிட்டு ஒன்று, இரண்டு. "கீழேயே கெட!" அப்புறம் இல்லை.

கேலப்பால் இப்படி ஒருநாளும் செய்ய முடிந்ததில்லை. அந்தப் பெண்ணுக்குக் கலை இருந்தது; வீணாகக் கையுறைப் பேயிடம் செலவழித்தாள்.

இன்னொரு கதை கேட்டார்கள். சொன்னேன். பிள்ளைகள் மிட்டாய்ப் பையோடு தெருவுக்குப் போன பிறகு நாற்காலியை நகர்த்தி, கதவைத் திறந்து, மெழுகுவர்த்தியை முறைப்படி இறக்கினேன். நாலாவது படியில் அணைந்தது. ஆகவே நான் இறங்கவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். சன்னல், நாற்காலி, குரல், மூன்றையும் யோசித்துத்தான் செய்தேன். சுற்றி வளைப்பானேன்.

ஆனால் நூலகத்தில் என்னைக் கல்நெஞ்சன் என்று பேசுகிறார்களாம். குழந்தைகளின் மனசு தெரியாதவனாம். அது அநியாயம். அந்தக் கூச்சலில் ஒரே ஒரு குழந்தை கத்தவில்லை. ஹெட்டி, ஆறு வயது, ஆந்தை வேஷம். தரையில் கவிழ்ந்து பலகையில் காதை வைத்திருந்தாள். எழுந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பெக் தாத்தா, அவங்க அழறாங்க. நெஜமாவே அழறாங்க. கதவத் தொறங்க தாத்தா."

உதடு நடுங்கியது, முகமெல்லாம் வெளுத்துவிட்டது. அந்தப் பிஞ்சைப் பயமுறுத்த எனக்கு மனசு வரவில்லை. தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தடவி, "ஒண்ணுமில்லடா கண்ணு, சும்மா கதைதான்" என்று அவள் சமாதானமாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.