ஆடாம இருந்த நாற்காலி

…அதான் சொல்றேன் சார், சங்கத்துல இப்ப ஒருத்தனும் என்கூடப் பேசறதில்ல. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க… இன்னும்… ஆங். பாஸ்போர்ட்டுக்குத்தானே? சிரிக்கக் கூடாது. சிரிக்கிற மாதிரி விஷயமும் இல்ல இது.

போட்டோ பிறந்த நாள்னு போட்டோக்காரங்க சங்கத்துல வருஷா வருஷம் கொண்டாடுவோம். ஒரு கேக்கு, ஒரு சொற்பொழிவு, அப்புறம் ஆளாளுக்குப் போன்ல செல்ஃபி. போட்டோக்காரன் முப்பது பேரு செல்ஃபி எடுக்கறோமே, வெக்கமா இல்லயான்னு கேட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆண்டி நான்தான் சார்.

இந்த வருஷம் பழைய முறையில எடுப்போம்னேன். மரப்பெட்டி, முன்னாடி ஊசி நுழையற ஓட்டை, உள்ள போட்டோ பேப்பர். அஞ்சு நிமிஷம் எல்லாரும் வெயில்ல ஆடாம உக்காரணும். படத்தைச் சங்கத்துச் சுவத்துல நிரந்தரமா மாட்டணும்னு தீர்மானமே போட்டாச்சு.

எனக்கும் ஒரு ஆசைதான் சார். இருபத்தாறு வருஷமா ஊரான் மூஞ்சியெல்லாம் எடுக்கறேன், என் மூஞ்சி எங்கயும் இல்ல. என் பொண்ணு ஆல்பத்தைப் புரட்டிட்டு, "ஏம்ப்பா, நம்ம வீட்டு விசேஷத்துக்கு உன்னை யாரும் கூப்பிடலையா?"ங்கறா. அதான் நடு நாற்காலி எனக்குன்னு வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன்.

பிரசங்கம் வேற பண்ணேன்! "அந்தக் காலத்துல ஒருத்தர் தெருவைப் படம் எடுத்தாராம். தெரு பூரா ஜனம், வண்டி. படத்துல ஒண்ணும் விழல. நின்னு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்ட மனுஷன்தான் விழுந்தாரு. ஆகவே நண்பர்களே, அசைஞ்சவன் காணாமப் போவான்!" கைதட்டு சார், அப்படி ஒரு கைதட்டு…

ஓட்டை மூடியைத் திறந்துட்டு ஓடி வந்து நடு நாற்காலியில உக்காந்தேன். அரை நிமிஷம் போயிருக்கும். ஓரக்கண்ணால பாக்கறேன், தலைவர் தாடை தொங்கிக் கிடக்கு. கை சும்மா இருக்குமா? எழுந்தேன், தூக்கி விட்டேன். அடுத்தாப்ல செயலாளர் தாடை. அப்புறம் அவருக்குப் பின்னாடி நிக்கறவர்… அத்தனை தாடையும் முடிச்சுட்டு நிமிர்ந்தா, பெட்டியை மூடற நேரம்!

பேப்பரைக் கழுவிப் பாத்தா ஆளுக்கு ரெண்டு தாடை. தலைவருக்கு மூணு, அவருக்கு ஏற்கெனவே ரெண்டு. ஆணி மொதக்கொண்டு துல்லியமா விழுந்தது ஒண்ணே ஒண்ணு, நடு நாற்காலி. காலி நாற்காலி. பாக்கறவனெல்லாம் "யாரு சார் தவறிட்டாங்க?"ன்னு துக்கம் விசாரிக்கறான்!

தீர்மானம் தீர்மானம்தானே, நேத்து மாட்டிட்டாங்க. என் பொண்ணும் வந்தா. ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது நீதாம்ப்பா, அப்படியே விழுந்திருக்கே"ன்னா. எனக்குப் பொசுக்குன்னு கண்ணு கலங்கிடுச்சு சார். யாரைத் திட்டறது? எடுத்தவனும் நான், எழுந்தவனும் நான்.

பாருங்க, பேச்சுல உங்க தாடை இறங்கிடுச்சு. இருங்க, நானே வந்து… சார்? ஏன் எழுந்துட்டீங்க? இன்னும் எடுக்கவே இல்லையே! சார்…

போயிட்டாரு.

லைட்டு எரியுது. கேமரா ரெடியா நிக்குது. நாற்காலி காலி. டைமரைப் போட்டுட்டு நானே உக்காந்துட வேண்டியதுதான்… உக்காந்தாச்சு.

ஆனா, என் தாடையை யாரு தூக்கி விடறது?