வேலியில் அவள் பக்கம்

செடிக்குக் காலையில் தண்ணீர் விடுவதுதான் நல்லது. சாயங்காலம் விட்டால் இலையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். என் தங்கை சாயங்காலம்தான் விடுவாள், அதுவும் ஞாபகம் வந்தால். ஆனாலும் அவள் தோட்டம்தான் பூத்துக் குலுங்கும். என்ன நியாயமோ, ஐயா, எனக்குப் புரிந்ததே இல்லை.

எங்கள் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. முன்னால் கொஞ்சம் புல், பின்னால் தோட்டம், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு செடிவேலி. எனக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்த வீடு. அம்மா என்னோடுதான் இருந்தாள். சோறு போட்டது நான், மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான், கால் பிடித்துவிட்டது நான். சாயங்காலம் ஆனால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் சிரிப்பது என் அடுப்படி வரைக்கும் கேட்கும். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு என் ரோஜாவைக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. சின்னவ கை வச்சிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்" என்றாள். வயிறு எரிந்தது. உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

வருஷா வருஷம் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் தோட்டங்களைப் பார்வையிட வருவார்கள். அதற்கு முன்னால் வேலியை இரண்டு பக்கமும் வெட்டிச் சீராக்க வேண்டும். தங்கைக்கு வெட்டுகிற மெஷினைக் கண்டாலே பயம், அதனால் அவள் பக்கத்தையும் நானே வெட்டிக் கொடுப்பேன். இந்த வருஷமும் போனேன். அவள் பக்கத்து இலைகளை விலக்கினால், உள்ளே கதண்டுக் கூடு. குளவியிலேயே பெரிய சாதி அது, கூட்டமாகக் கொட்டினால் ஆளையே கொன்றுவிடும். தங்கையோ சின்ன வயதில் ஒரே ஒரு தேனீ கொட்டி, மூச்சு நின்று, மறுபிழைப்புப் பிழைத்தவள். இலைகளைப் பழையபடி சேர்த்துவிட்டு வந்தேன்.

"இந்தத் தடவை உன் பக்கத்த நீயே வெட்டிக்கோடி. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

"எனக்கு என்னக்கா தெரியும்? கோணல்மாணலா வெட்டி வச்சு உன் மானத்த வாங்குவேன்."

"பரவால்ல. மெஷின நல்லா உள்ள விட்டு வெட்டு."

அவள் மத்தியானம் ஆரம்பித்தாள். அதற்கு முன்பே ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தேன். அம்மா நன்றாகத் தூங்கட்டும் என்று மின்விசிறியையும் கூட்டி வைத்தேன். மெஷின் சத்தம் வந்தது, நின்றது. பிறகு அவள் கத்தினாள்.

அம்மா எழுந்துவிட்டாள். அந்த முட்டிவலிக்காரி அப்படி ஓடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பின்கதவில் மறித்துக் கையைப் பிடித்தேன். இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, நான் பிடித்தேன்.

"போகாதம்மா, கதண்டு. உன்னக் கொன்னுடும்."

வெளியே எட்டிக்கூடப் பார்க்காத எனக்குக் கதண்டு என்று எப்படித் தெரிந்தது என்று அம்மா கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம், "விடுடி. அங்க கிடக்கிறது என் பொண்ணு" என்றாள்.

அப்படியானால் நான் யாராம்? கையை விட்டேன்.

அம்மா போர்த்தியிருந்த போர்வையோடே ஓடி, அதைத் தங்கை மேல் போட்டு, அதன் மேல் தானே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்திக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஓடிவந்து புகை போடும் வரைக்கும் அவள் நகரவே இல்லை.

தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீங்கிய முகத்தோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனிமே எனக்கு நீதான்க்கா அம்மா" என்று அழுதாள். நானும் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

தங்கை விஷயத்தில் நான் செய்தது குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். அம்மாவை மட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. போக வேண்டும் என்றாள், விட்டேன்.