விசிலடித்த குருவி

ருவான்வெல்லையிலிருந்து கரவனெல்லைக்குப் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் பெண்கள் இருவர். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"இத்தன வருஷமா ஒரு குருவிக்குப் பயந்துதான் ஓடியிருக்கோம்க்கா."

"என்னடி உளர்ற?"

"ஞாயித்துக்கிழம குருவி பாக்குற கூட்டத்தோட டவுன் பார்க்குக்குப் போனேன்ல. அங்க ஒண்ணு விசிலடிச்சிச்சு. காலையில பேர் பதிய கங்காணி பெரட்டுக்குக் கூப்பிடுற அதே விசில். பழக்கத்துல நான் ஓடிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்ப நம்ம மலையில விடியுமுன்ன கேக்குறது?"

"பாதி நாள் கங்காணியே இல்லக்கா, இந்தக் குருவிதான். சிங்களத்துல அவிச்சியாங்குறாங்க. பச்ச முதுகு, செவந்த வயிறு, கைக்குள்ள அடங்கிரும். குளிர் தாங்காம இமயமலையில இருந்து ராத்திரியில பறந்து வருதாம். கடல் தாண்டி. வருஷா வருஷம் அதே எடத்துக்கு."

"இமயமலையில இருந்தா? நம்ம ரப்பர் காட்டுக்கா?"

"ஆமாக்கா."

மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே ஓடும் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்.

"நாளைக்கு விசில் கேட்டா ஓடாத. அது கங்காணியாவே இருந்து, லேட்டுன்னு அரைநாள் பேர் போட்டு பாதிச் சம்பளத்த வெட்டுனாலும் வெட்டட்டும். நின்னு அந்தக் குருவியப் பாத்துட்டுத்தான் போறோம்."