மருமகள் சுட்ட வாஃபிள்

எண்பதுகளில் ஒரு காலை, மலேசியாவில் சுங்காயிலிருந்து ஈப்போ போகும் பஸ். முன் இருக்கையில் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள். பிஸ்கட் டின்னை மடியில் வைத்திருந்த மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"ரப்பர் ஷீட்டு மாதிரி இருக்கு, காயறதுக்குப் பொகை வீட்டுல தொங்கவிடுன்னு சொல்லிட்டேன்லா."

"எதை அக்கா?"

"மருமக சுட்ட வாஃபிளை. கல்யாணமாகி வந்த வாரம். மெஷின் இல்லாம தோசைக்கல்லுல தடியா மாவை ஊத்தி, கத்தி முதுகால கட்டம் கட்டமா அழுத்தினா. லயத்துல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"அவ?"

"அவளும் சிரிச்சா. அதுக்கப்புறம் என் அடுப்புப் பக்கமே வரல. இப்போ ஈப்போ சிலிபின்ல தனிக்குடித்தனம். அங்கதான் போறேன்."

டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டம் போட்ட நாலு வாஃபிள்.

"காலையில நானே சுட்டேன். மாவு உப்பினதும் கட்டம் மூடிக்குதுலா. வேகுறதுக்குள்ள மறுபடி மறுபடி அழுத்தணும். அவ அப்படித்தான் செஞ்சா, பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ருசி அவ சுட்ட மாதிரியே இருக்கா அக்கா?"

மூத்தவர் டின்னை மூடினார்.

"தெரியலலா. அன்னிக்கு நான் வாயில வைக்கவே இல்ல."