பூட்டிய கதவும் போட்டுத் தந்த ஃபேனும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் முகிலன் அவர்களே! பாருக்கெல்லாம் பனியன் தைக்கும் பாட்டாளித் தோழர்களே! தென்சீமையிலிருந்து பிழைக்க வந்த தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பூமாலைக்குள் சிரிக்கிறாரே அயர்னிங் மாஸ்டர் ஜெயபாண்டி, அவர் படத்தை இன்று திறந்து வைத்தோம். ஐயகோ, நாம் திறந்திருக்க வேண்டியது ஒரு கதவையல்லவா!

துணி களவு போகுமென்று கம்பெனியின் பின் கதவு எப்போதும் பூட்டியே கிடந்தது. கதவோரம் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகள்; பக்கத்திலேயே கொதிக்கும் இஸ்திரிப் பெட்டிகள். தீப்பிடித்தால் என்ன கதி? முதலாளியிடம் எடுத்துச் சொல்ல, கட்டிங் மாஸ்டர் கன்னையனைச் சங்கம் அனுப்பியது. செக்கிங் பகுதி ரோஸ்மேரி, முன்பு வேறொரு கம்பெனியில் புகைக்குள் சிக்கி மீண்டவள், "அண்ணாச்சி, நானும் வாரேன்" என்று ஓடிவந்தாள்.

"நீ அழுதுருவ கண்ணு. நாயத்த நான் பேசிக்கறேன்" என்றார் கன்னையன். சங்கமே தலையாட்டியது.

நம் கொங்குச் சீமையின் பணிவு ஊரறிந்தது. கன்னையன் கைகட்டி நின்றார். "மூட்டைக்குப் பக்கத்துல இஸ்திரிங்க. கதவு பூட்டிக் கெடக்குதுங்க. சூடு தாங்கலீங்க. தொறந்து வெச்சா நல்லாருக்குமுங்க."

"அதுக்கென்னங்க, ஒரு ஃபேன் போட்டுத் தாரனுங்க" என்றார் முதலாளி.

சிரிக்காதீர்கள் தோழர்களே! ஃபேன் வந்தது. மூட்டையில் பொறி விழுந்த அன்று, அந்த ஃபேன்தான் நெருப்பை ஊதி வளர்த்தது. ஜெயபாண்டி பூட்டிய கதவைத் தட்டித் தட்டியே ஓய்ந்து போனார்.

கன்னையன் சொன்னதில் பொய் உண்டா? இல்லை. பதற்றம் உண்டா? அதுவும் இல்லை! அறிவு அறைக்குள் போனது. அழுகை வாசலிலேயே நின்றுவிட்டது. சரி, அழுகை மட்டும் போயிருந்தால்? ஆறுதலும் ஒரு சேலையும் கிடைத்திருக்கும், கதவு திறந்திருக்காது. இரண்டும் கைகோத்துப் போயிருக்க வேண்டாமா? நினைக்க நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லையே!

யாரங்கே, "முடிஞ்சு போச்சுங்க" என்பது? முடியவில்லை ஐயா! நாளைக் காலை கம்பெனி மறுபடி ஓடப்போகிறது. புதுக் கதவு மாட்டியாகிவிட்டது. அதிலும் பூட்டு தொங்குகிறது!

இனி இந்த மைக் எனக்கு வேண்டாம். கன்னையண்ணே, மேடைக்கு வாங்க. உள்ளே எத்தனை உயிர், வெளியேற எத்தனை வழி என்று நிதானமாகச் சொல்லுங்கள். ரோஸ்மேரி, நீயும் பக்கத்தில் வந்து நில் தாயே. அழுகை வந்தால் அழு. பேச்சை மட்டும் நிறுத்தாதே. சாவி முன்வரிசையில், ஒரு சட்டைப் பையில் இருக்கிறது.

இதுவரை கேட்ட செவிகளுக்கு நன்றி. இனிமேல் கேட்கப்போகும் அந்த ஒரு நெஞ்சுக்கு, என் வணக்கம்.