நோயாளியாகப் படுத்தவள்

கோமதி: அசையாதடி தங்கமயில். இப்ப நீ நோயாளி, நான் நர்ஸ். நோயாளி சிரிக்கக் கூடாது.

தங்கமயில்: எந்தச் சட்டத்துல இருக்கு? மூணாம் வார்டு தாத்தா பொழுதன்னைக்கும் சிரிக்காரு.

கோமதி: நீ கட்டுப் பிரிக்கப் போனாக்கூடவா?

தங்கமயில்: அப்ப மட்டும் அழுவாரு... ஜல்தி கேளு. நாளைக்குப் பரீட்சைக்கு நானும் படிக்கணும்.

கோமதி: சரி. வார்டுக்கு வந்த நோயாளிகிட்ட முதல்ல எதைப் பார்ப்பே?

தங்கமயில்: நாடி, மூச்சு, காய்ச்சல்...

கோமதி: தப்பு. முதல்ல முகம்.

தங்கமயில்: என் முகத்துல என்ன தெரியுதாம் மாதுங்காவுலருந்து வந்த மகாராணிக்கு?

கோமதி: கன்னம் ஒட்டிக் கிடக்கு. சாயங்காலமானா கண்ணு மினுங்குது... இருமல் உண்டா அம்மா?

தங்கமயில்: தாராவியில தோல் கிடங்குக்குப் பக்கத்துல எங்க ஒத்த ரூம் கோலி. அங்க யாருக்கு இருமல் இல்ல?

கோமதி: ஹாஸ்டலுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சே அம்மா... வாயைத் திற. தெர்மாமீட்டர்.

தங்கமயில்: இரு, தொண்டை காயுது. பானைத் தண்ணி ஒரு மடக்கு...

கோமதி: குடி... குடிச்சாச்சா? இப்பக் கையைத் தூக்கு.

தங்கமயில்: கையையா? எதுக்கு?

கோமதி: குளிர்ந்த தண்ணி குடிச்ச வாயில வெச்சா காய்ச்சல் கம்மியாக் காட்டும். முதல் வருஷப் பாடம். அக்குள்ல வைக்கிறேன்.

தங்கமயில்: ஏட்டி, விளையாட்டுக்குத்தானே இதெல்லாம்...

கோமதி: பேசாம இரு.

தங்கமயில்: அஞ்சு நிமிஷம் ஆச்சு, எடு... எவ்வளவு?

கோமதி: அக்குள்லயே நூறைத் தாண்டிடுச்சு.

தங்கமயில்: அது பழைய தெர்மாமீட்டர்.

கோமதி: தங்கம்...

தங்கமயில்: தொண்ணூத்தெட்டுன்னு எழுதிரு கோமதி. ஒன் காலைப் புடிக்கேன். டி.பி.ன்னு தெரிஞ்சா என்னை இங்க வெப்பாங்களா? எங்கப்பா தாராவி முழுக்க, மக நர்ஸு, மக நர்ஸுன்னு சொல்லித் திரியுதாரு...

கோமதி: டி.பி.ன்னு நான் சொல்லவே இல்லையே. சளியில ரத்தம் வந்துதா?

தங்கமயில்: ரெண்டு தடவ.

கோமதி: இன்னிக்குக் காலையில, ஆபரேஷன் ஆகி வார்டுக்கு வந்த அந்தம்மாவுக்கு யாரு தண்ணி ஊட்டினது?

தங்கமயில்: நாந்தான். தலையைத் தாங்கிப் புடிச்சு, கரண்டியால... அய்யோ. அவ முகத்துக்கு நேரா இருமுனேன் கோமதி.

கோமதி: அழாதே. இப்ப ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போறாங்க, நாமளே பார்க்கலையா?

தங்கமயில்: அவளையும் டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்லணும்...

கோமதி: சொல்லுவோம்.

தங்கமயில்: என் படிப்பு?

கோமதி: ஒரு வருஷம் போகும். அப்புறம் ஜூனியருங்களோட உக்காரணும்.

தங்கமயில்: அதுங்க என்னை அக்கான்னு கூப்பிட்டே கொன்னுரும்.

கோமதி: தங்கம்... நாளைக்கு உனக்குப் பரீட்சை இல்ல. எக்ஸ்ரே. மத்தியானமே வார்டு சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன்.

தங்கமயில்: தெரியும். அவங்க ரூம்லருந்து நீ கண்ணைத் தொடச்சிக்கிட்டு வந்ததப் பாத்தேன். என் வாயால சொல்ல முடியல... அதான், எப்படி மழுப்பினாலும் நீ கண்டுபுடிச்சிருவன்னு, கூப்பிட்டதும் வந்து படுத்தேன்.